சுருளிவேலுக்கு ஒரு சுற்றுத் தடை

1

ஒவ்வொரு தை மாதமும், பொங்கல் முடிந்த அடுத்த வாரம், ஊரில் இருப்பவர்களுக்காக இப்படி ஒரு குறிப்பு எழுதுவது என் வழக்கம். நான் தேனியைவிட்டுக் கிளம்பியது அந்த வாரத்தில்தான். இதுவரை தவறியதில்லை. இந்த முறை மாசி பாதி ஓடிவிட்டது. அல்லிநகரத்திலிருந்து அண்ணன் போன் செய்தார்.

"என்னலே, இந்த வருசம் ஒன்னையும் காணோம்? ஒடம்புக்கு எதுவுமா?"

"ஒடம்புக்கு ஒன்னுமில்லண்ணே. சீட்டாடப் போயிருந்தேன்."

"சீட்டாடுறதுக்கா அம்புட்டுத் தூரம் போயி ஒக்காந்திருக்க? இங்கனயே மன்றம் இருக்குல்ல, நடந்து போற தூரத்துல?" என்றார்.

அவருக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மெல்பர்னில் நகரத்துக் குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. காலையில் குப்பிகள் வரும். நாள் முழுக்கக் கலங்காத தண்ணீரைப் பார்த்து, கலங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்கு வந்தால் எனக்குள் மட்டும் எதுவும் தெளியாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். புத்தகத்தை எடுத்தால் பத்தாவது பக்கத்தில் இன்னொரு புத்தகம் நினைவுக்கு வரும். கொல்லைப்புறத்துக்குப் போய்க் கறிவேப்பிலைத் தொட்டியை இடம் மாற்றி வைப்பேன். மறுநாள் திரும்பப் பழைய இடத்தில் வைப்பேன். "நீங்க ஒக்காருங்க, இல்லாட்டி எங்கயாச்சும் போங்க. ரெண்டுல ஒன்னு பண்ணுங்க" என்று என் மனைவி வசந்தி ஒருநாள் சொல்லிவிட்டாள். நான் போன இடம்தான் போக்கர்.

2

இந்த நாட்டில் பல மதுவிடுதிகளின் பின்கூடத்தில் வாரத்துக்கு ஒருநாள் இலவசமாகப் போக்கர் நடக்கும். குடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் இஞ்சிச் சோடா வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமைகளில் உட்காருவேன். கூரை வேய்பவர், ஓய்வு பெற்ற ஆசிரியை, பேருந்து ஓட்டுநர் என்று ஒரு மேசை. அங்கே ஜெயிப்பவர்களுக்கு மாவட்ட அளவில் ஒரு போட்டி. அதிலும் ஜெயித்தால், தை மாதம், இங்கே கோடையில், நகரத்தில் நடக்கும் பெரிய போட்டிக்கு ஓர் இருக்கை கிடைக்கும்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்துத் தருவார்கள். நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. ஏழில் சிறந்த ஐந்து உங்கள் கை. இடையிடையே பந்தயம் கட்டலாம், விலகலாம், அல்லது பந்தயம் கட்டாமல் மேசையைத் தட்டிவிட்டுக் கடக்கலாம். கடப்பதற்குப் பெயர் 'செக்'. கையில் ஒன்றுமில்லாதவன் எல்லாம் இருப்பதுபோல் உட்கார்ந்திருப்பான். எல்லாம் இருப்பவன் வயிற்றுவலிக்காரன்போல் உட்கார்ந்திருப்பான்.

முதல் ஆண்டு பெரிய போட்டிக்குப் போனபோது தேநீர் இடைவேளைக்கு முன்பே வெளியே வந்துவிட்டேன். கொண்டுபோன தயிர்சாதத்தைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாம் ஆண்டு முதல் நாள் மாலைவரை நின்று, பணத்துக்குப் பதிலாகத் தரும் பந்தய வில்லைகளில் அவசரப்பட்டுத் தவறானதைத் தள்ளித் தோற்றேன். அந்த அரங்கின் சத்தத்தை எப்படிச் சொல்வது? நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பந்தய வில்லைகளை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருப்பார்கள். போடியில் காய்ந்த ஏலக்காயைச் சல்லடையில் கொட்டித் தரம் பிரிக்கும் அறைக்குள் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் புரியும். அங்கே நுழைந்தால் மட்டும்தான் என் பரபரப்பு என்னைவிட்டு இறங்கிப் பொதுவில் கலந்துவிடும். எல்லோரும் என்னைப் போலவே நிலைகொள்ளாமல் இருக்கும் ஓர் இடம்.

இது மூன்றாம் ஆண்டு. இந்த முறை ஆட்டத்துக்குள் என் மகளையும் இழுத்துக்கொண்டேன்.

3

மதுமிதா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறாள். எனக்குப் போக்கர் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஆங்கிலம்தான் அவளுக்கு வாய்க்கு வரும். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறுவாள், என்னைச் சேதப்படுத்துவதற்காக. அந்தத் தமிழ் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த பாடப்புத்தகத் தமிழ். கோபத்துக்கான தமிழை அங்கே சொல்லித்தருவதில்லை. ஆகவே, "நீங்கள் என் அறைக்குள் ஏன் வந்தீர்கள்?" என்று செய்தி வாசிப்பவர்போல் கேட்பாள். சிரித்தால் இன்னும் கோபம் வரும்.

ஆடி மாதம் அவள் ஓராண்டுப் படிப்புக்குக் கனடா போகிறாள். பிறகு வேலை, வேறு நாடு. இந்தச் சித்திரையில் தேனிக்குப் பக்கத்து வீரபாண்டியில் நடக்கும் அம்மன் திருவிழாவுக்கு அவளை அழைத்துப்போகாவிட்டால், இனி அவளை ஊருக்கு அழைத்துப்போக முடியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. தீபாவளியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். வரமாட்டேன் என்றாள்.

காரணம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அவளைத் தேனிக்குக் கூட்டிப்போயிருந்தோம். மண்டபத்தில் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். நம் பக்கம் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்விதான்.

"நான் ஒனக்கு யாரு, சொல்லு பாப்பம்?"

"ஆன்ட்டி" என்றாள் மது.

"ஆன்ட்டியாம்ல! அத்தையாக்கும் நானு. ஏன் மகனப் பாத்தியா, அந்தா நிக்கிறியான். நாளைக்கு ஒனக்கு மாமியாவே நாந்தேன்!"

கூட்டமே சிரித்தது. அடுத்தவர் வந்தார். "அப்ப நான் யாரு?" அதற்கடுத்து இன்னொருவர். எல்லோருக்கும் அவள் யாரென்று தெரியும். அவளுக்கு ஒருவரையும் தெரியாது. பந்தி முடியும்வரை குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு இருந்தாள். அன்பில்தான் கேட்டார்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "அது தேர்வு. பாடத்திட்டம் தராமல் வைத்த தேர்வு" என்பது அவள் பதில்.

மார்கழியில் எனக்குப் போட்டி இருக்கை கிடைத்த அன்று, அவளே ஒரு பந்தயம் சொன்னாள். பெரிய போட்டியில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறிய பிறகுதான் பரிசு எல்லை வரும். அந்த எல்லைக்குள் நான் நுழைந்துவிட்டால், அவள் வீரபாண்டிக்கு வருவாள். நுழையாவிட்டால் நான் இனி கேட்கவே கூடாது. கை கொடுத்தோம். வசந்தி சாட்சி.

"மகள ஊருக்குக் கூட்டிப்போகச் சூதாடுன மொத ஆளு நீங்கதேன்" என்றாள் வசந்தி.

4

இந்த நாட்டு அலுவலகங்களுக்கு என் பெயர் இன்றுவரை புரிந்ததில்லை. எனக்கு ஒரு பெயர், அப்பாவின் பெயர் தலைப்பெழுத்து. அவர்களுக்குக் குடும்பப்பெயர் வேண்டும். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பல் மருத்துவரிலிருந்து வரி அலுவலகம்வரை என்னைச் 'சுருளிவேல்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். போட்டிப் பதிவு மேசையில் இருந்த பெண்ணிடம் எப்போதும்போல் விளக்கப் பார்த்தேன். "கவலைப்படாதீர்கள், மிஸ்டர் சுருளிவேல்" என்று அட்டையை நீட்டினாள். வாழ்நாளில் சீட்டைத் தொடாத என் அப்பா, மூன்றாம் ஆண்டாக உலகப் போக்கர் வீரர்கள் நடுவே உட்கார்ந்தார்.

முதல் நாள் தப்பித்தேன். இரண்டாம் நாள் மதியம் என் எதிர் இருக்கைக்கு ஒரு புதிய ஆள் வந்தார். அறுபதைத் தாண்டியவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, நெற்றியில் குங்குமம். வில்லைகளை அடுக்கியவர் என் முன்னால் இருந்த அட்டையைப் படித்தார். பிறகு என் முகத்தைப் படித்தார்.

"சுருளிவேலா? அப்ப நம்ம கம்பம் பக்கமா?"

சுருளி அருவி பாயும் பக்கத்துக்கு வெளியே பிறந்தவர்களுக்கு அந்தப் பெயரை வைக்க மாட்டார்கள் என்பது எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். நான் வாய் திறப்பதற்குள் சீட்டுப் போடும் பெண் குறுக்கிட்டாள். "மேசையில் ஆங்கிலம் மட்டும், ஐயா." இரண்டு பேர் வேறு மொழியில் கையைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்கான விதி.

அவர் தலையாட்டினார். பிறகு விசாரணையை ஆங்கிலத்தில் தொடர்ந்தார்.

"நேட்டிவ்?"

"தேனி. அல்லிநகரம்."

"ஃபாதர் சைடு ஓகே. மதர் நேட்டிவ்?"

"கெங்குவார்பட்டி."

அவர் கையிலிருந்த இரண்டு சீட்டையும் கீழே வைத்துவிட்டார். "விச் ஹவுஸ்?"

"மோட்டார் ஹவுஸ்."

அந்த ஊரில் முதன்முதலில் கிணற்றுக்கு மின்மோட்டார் வைத்த வீடு என்பதால் அம்மாவின் பிறந்த வீட்டுக்கு அந்தப் பெயர்.

"யுவர் மதர், செல்லத்தாயி?"

"எஸ்."

"ஐ ஆம் பெருமாள்சாமி. போடி."

அவ்வளவுதான். மேசையில் இருந்த யாருக்கும் எதுவும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் சித்தப்பா மகன். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே பாகம் பிரித்துக்கொண்டு போடிக்குப் போய்விட்ட குடும்பம். 'போடி மாமா' என்று பெயராக மட்டும் வீட்டில் இருந்தவர். எனக்குத் தாய்மாமன் முறை.

பக்கத்து இருக்கையில் இருந்த தாடிக்கார இளைஞன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "மன்னிக்கணும், இப்போ என் கண்ணெதிரே நீங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா ஆயிட்டீங்களா?"

"எஸ், எஸ். ஹி இஸ் மை நெஃப்யூ" என்றார் மாமா, ஏலத்தில் மூட்டை எடுத்தவர்போல.

இடைவேளையில் வெளிவராந்தாவுக்கு வந்ததும் தமிழ் கொட்டியது. ஏலக்காய் வியாபாரம். மகன் சிட்னியில். பேரனைப் பார்க்க வந்த இடத்தில், மருமகளிடம் கோவில்களைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வந்திருக்கிறார்.

"போக்கரு எங்கன மாமா பழகுனீக?"

"கோவாவுலதேன். வருசத்துக்கு ரெண்டு வாட்டி போயிருவேன். முன்னாடியெல்லாம் ஏலத்துல மூஞ்சிய வச்சுத்தேன் மாப்ள பொழப்பு. நமக்கு அந்தக் காய் வேணும்னு எதுத்தாப்புல இருக்கவனுக்குத் தெரியக் கூடாது. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல பட்டன அமுக்குறாக. முப்பது வருசமாப் பழக்குன மூஞ்சி, சும்மா வீணாப் போகுதேன்னுதேன் இங்கன வந்தேன்."

கயிற்றுக்கு அப்பால் பார்வையாளர் பக்கம் மது நின்றிருந்தாள். காலையிலேயே ரயிலேறி வந்திருந்தாள். கைகாட்டி, "அதுதேன் மாமா ஏன் மக" என்றேன். அவர் அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். மது என்ன செய்வதென்று தெரியாமல் கையை அசைத்தாள்.

5

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. மாட்டுப்பொங்கலன்று அம்மாவின் அண்ணன் தம்பிகள் பொங்கச்சீர் கொண்டுவருவார்கள். சாப்பாடு முடிந்ததும் சீட்டுக்கட்டு வெளியே வரும். மாமன்மார்கள் உடன்பிறந்தவளுக்குச் சீர் செய்ய வந்திருக்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் தோற்று முகம் சுளித்து எழுந்துவிடக் கூடாது. நான் நல்ல கையோடு துள்ள ஆரம்பித்தால், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காலால் என் முழங்காலை ஒரு தட்டுத் தட்டுவாள். உடனே நான் விட்டுக்கொடுக்க வேண்டும். அண்ணனுக்கும் அதே தட்டு. மாமன்மார்களுக்கு இது தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பரிசு எல்லைக்கு இன்னும் கொஞ்சம் பேர்தான் வெளியேற வேண்டும் என்ற நிலையில் அந்தக் கை வந்தது. எனக்குச் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் இனத்தில் ஏஸும் ஏழும். நடுவில் ஐந்து சீட்டும் விரிந்தபோது, அதில் மூன்று ஆட்டின். ஐந்தும் ஒரே இனம், அதில் பெரிய சீட்டான ஏஸ் என் கையில், நடுவில் ஜோடியும் இல்லை. அந்த நேரத்தில் அந்த மேசையில் யாராலும் வெல்ல முடியாத கை அது. ஊகமில்லை, கணக்கு. களத்தில் மிச்சமிருந்தது நானும் மாமாவும் மட்டும். அவர் முதலில் பேச வேண்டும். மேசையைத் தட்டினார். செக்.

இனி நான்தான். என்னிடம் வில்லை அதிகம், அவரிடம் குறைவு. எல்லாவற்றையும் நடுவில் தள்ளினால், அவர் ஏற்றுக்கொண்டால் வெளியேறுவார். அவருடைய வில்லைகளும் சேர்ந்தால், பிறகு நான் அசையாமல் உட்கார்ந்திருந்தாலே பரிசு எல்லைக்குள் போய்விடுவேன். சித்திரையில் மது வீரபாண்டியில் நிற்பாள். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் என் முழங்கால் கூசியது. அம்மா போய் ஆண்டுகள் ஆகின்றன. அந்த முழங்காலுக்கு அது தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பது செல்லத்தாயியின் தம்பி என்பது மட்டும் அதற்குத் தெரிந்தது.

மேசையைத் தட்டினேன். செக்.

சீட்டைத் திருப்பினோம். மாமாவிடம் ஆட்டின் ராஜாவும் இன்னொரு ஆட்டினும், என்னுடையதற்கு அடுத்த பெரிய கை. அவர் ஒன்றுமில்லாததுபோல் பதுங்கி, நான் பந்தயம் கட்டட்டும் என்று எனக்குக் கண்ணி வைத்திருந்திருக்கிறார். என் ஏஸைப் பார்த்ததும், முப்பது வருசமாகப் பழக்கிய அந்த முகம் ஒரு கணம் கழன்றுவிட்டது.

தாடிக்காரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "இது என்ன? வெல்லவே முடியாத கை, கடைசியாப் பேசுற ஆளு, பந்தயம் கட்டலையா? மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்க."

6

வெல்ல முடியாத கையோடு கடைசியாகப் பேசுபவர் பந்தயம் கட்டாமல் விடுவது பெரிய போட்டிகளில் குற்றம். எதிராளிக்கு இரக்கம் காட்டுவதும் கூட்டுச்சதியில் சேரும். எனக்கு இந்த விதி தெரியும். படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிருந்ததோ.

மேற்பார்வையாளர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண். நிதானமாகக் கேட்டாள்.

"மிஸ்டர் சுருளிவேல், இவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமா?"

"தெரியாது. இன்றைக்கு மதியம்தான் முதல் முறை பார்க்கிறேன்."

"இவர் உங்கள் உறவினரா?"

"ஆமாம். என் தாய்மாமன்."

மேசை முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்."

இரண்டும் உண்மை என்றேன். அதை ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்து, மோட்டார் வீடுவரை போய், பாகப்பிரிவினையில் மாட்டிக்கொண்டேன். அவள் கையை உயர்த்தினாள். "மிஸ்டர் சுருளிவேல், ஒரு சுற்றுத் தடை." ஒரு சுற்று முடியும்வரை நான் மேசையைவிட்டு விலகி நிற்க வேண்டும். என் இருக்கைக்குச் சீட்டு விழும், எடுக்கப்படும். முறை வரும்போது எல்லோரும் வைத்தாக வேண்டிய கட்டாயப் பந்தயம் மட்டும் என் வில்லைகளிலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

எழுந்தபோது மாமா குனிந்து, ஆங்கில விதியையும் மீறிச் சீறினார். "என்ன மாப்ள, எனக்குப் பிச்ச போடுறியா? நான் ஒனக்குக் கண்ணி வச்சுக்கிட்டு இருக்கேன், நீ எனக்குத் தானம் பண்ற! மேசையில ஏதுடா மாமென் மச்சான்? எங்க மன்றத்துல கூடப் பொறந்தவனயே உருவிட்டுத்தேன் வீட்டுக்கு அனுப்புவோம்."

இதைத்தான் இந்த ஆண்டின் குறிப்பில் முக்கியமாக எழுத நினைத்தேன். நான் ஊர் வழக்கம் என்று கட்டிக்காத்தது ஊரில் இல்லை. ஒருவேளை அது எப்போதும் எங்கள் ஒரு வீட்டில், ஒரு நாளில், ஒரு காலில் மட்டும்தான் இருந்ததோ என்னவோ.

கயிற்றோரம் போய் நின்றேன். மது என்னைப் பார்க்கவில்லை, மேசையையே பார்த்தாள்.

"நீங்கள் ஏன் பந்தயம் வைக்கவில்லை?" பாடப்புத்தகத் தமிழ். கோபம்தான்.

"அவுக எனக்குத் தாய்மாமென் முறை, மது."

"அவர் உங்களுக்கு ஒரு மணி நேரமாகத்தான் மாமா."

திரும்பப் போய் உட்கார்ந்தபோது என் வில்லைகள் குறைந்திருந்தன. பதற்றத்தில் இன்னும் கொஞ்சம் போயிற்று. கடைசியில் ஒரு ஜோடிப் பத்தோடு எல்லாவற்றையும் தள்ளினேன். எல்லோரும் விலகினார்கள், ஒருவரைத் தவிர. அதற்குள் என்னைவிட அதிக வில்லை சேர்த்திருந்த மாமா யோசிக்கக்கூட இல்லை. அவரிடம் ஏஸும் ராணியும். நடுவில் இன்னொரு ராணி விழுந்தது. பரிசு எல்லைக்குச் சற்று முன்னால், அரங்கின் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்புகூட இல்லாமலே, என் அப்பா வெளியேறினார்.

மாமா எழுந்து கையைப் பிடித்தார். பரவாயில்லை என்பதற்கு எல்லைப்புற மலையாளம் அவருக்கு இயல்பாக வந்தது. "சாரமில்ல மாப்ள. சாரமில்ல." முகம் பழையபடி பூட்டிக்கொண்டிருந்தது. போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

7

ரயிலில் வெயில் இன்னும் இருந்தது. இங்கே கோடையில் பொழுது சாய்வதே இல்லை என்பதுபோல் இழுக்கும். மது ஜன்னல் பக்கம். நான் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்து நின்றேன். பொங்கச்சீர், சீட்டுக்கட்டு, அம்மாவின் கால் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"நான் ஏன் காலையிலிருந்து அங்கே நின்றேன் என்று நினைக்கிறீர்கள்?"

"வேடிக்கை பாக்கன்னு நெனச்சேன்."

"எனக்கு வரப் பிடிக்கவில்லை என்றால், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். பந்தயம் எதற்குக் கட்டினேன்?"

நான் கம்பியை மாற்றிப் பிடித்தேன். நிலையம் ஒன்று கடந்தது.

"எனக்கு அந்த ஊருக்குப் போகப் பயமாக இருக்கிறது. போகவும் வேண்டும். நானாக முடிவு செய்ய முடியவில்லை. நீங்கள் ஜெயித்தால் போய்த்தானே ஆகவேண்டும்? அதற்காகத்தான் நின்றேன். நீங்கள் அவருக்காக விட்டுக்கொடுத்தது உங்கள் ஆட்டம் இல்லை, அப்பா. என் பயணச்சீட்டு."

முப்பது வருசமாகத் தண்ணீரைச் சோதிக்கிறேன். வீட்டுக்குள் இருந்ததைச் சோதிக்கவில்லை.

"அப்ப வா மது. பந்தயத்த விடு."

"முடியாது. தோற்றால் கேட்கக் கூடாது என்று கை கொடுத்தீர்கள். இதையும் விட்டுக்கொடுத்தால் நம் வீட்டில் எந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு?"

வீடு வந்தோம். வசந்தி கதவைத் திறந்து இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

அந்த நாளிலிருந்து விமானக் கட்டணப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஒரு பயணச்சீட்டு என்று போட்டுப் பார்ப்பேன். இரண்டு என்று போட்டுப் பார்ப்பேன். கறிவேப்பிலைத் தொட்டி அந்த வாரத்தில் வீட்டை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தது. தையில் எழுத வேண்டிய குறிப்பு எழுதப்படாமல் போனது இப்படித்தான்.

8

போன ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வீடியோவில் அழைத்தார். போடிக்குத் திரும்பியிருந்தார். பின்னால் ஏலக்காய்ச் சாக்குகள் தெரிந்தன. பரிசு எல்லையைத் தாண்டி இரண்டாவது ஆளாக வெளியேறிவிட்டாராம். மருமகளுக்குக் கோவில் கதை தெரிந்துவிட்டதாம்.

"அத விடு மாப்ள. எங்க ஏன் பேத்தி? அதுகிட்டக் குடு."

தயங்கினேன். மது சாப்பாட்டு மேசையில் இருந்தாள். போனை அவளே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"ஆத்தா, நல்லாருக்கியா? சரி, நான் ஒனக்கு யாரு, சொல்லு பாப்பம்?"

அதே கேள்வி. போனைப் பிடுங்கப் போனேன். மது திரையை நேராகப் பார்த்தாள். குளியலறைப் பக்கம் திரும்பவில்லை.

"நீங்கள் என் அப்பாவை வெளியே அனுப்பியவர்."

மாமாவின் முகம் இரண்டாம் முறை கழன்றது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்து, கூரையில் ஒரு மின்விசிறி மட்டும் தெரிந்தது. எடுத்து முகத்துக்கு நேரே வைத்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏலே மாப்ள, இம்புட்டு வயசுக்கு ஒருத்தரும் எனக்கு இப்பிடி மொற சொன்னதில்லடா! ஆத்தா, சித்திரையில வீரபாண்டிக்கு வருவீகள்ல?"

"வர முடியாது, தாத்தா" என்றாள் மது. தாத்தா என்பதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுப்படியில் வசந்தி தலை குனிந்துகொண்டாள். "பந்தயத்தில் அப்பா தோற்றுவிட்டார். தோற்றால் நான் போக வேண்டியதில்லை." பந்தயத்தை முழுவதும் விளக்கினாள், கணக்குப் பாடம்போல.

மாமா கடைசிவரை கேட்டார். வியாபாரத்துக்கு உட்காரும் முகம் வந்துவிட்டது.

"ஒங்கப்பென் தோத்தது யாருகிட்ட?"

"உங்களிடம்."

"அப்ப எங்க மன்றத்துச் சட்டத்தக் கேட்டுக்க. செயிச்சவென் பாட்டுக்குத் துண்ட ஒதறிட்டு எந்திரிச்சுப் போகக் கூடாது. தோத்தவுகளுக்கு ஒரு மறு ஆட்டம் குடுக்கணும். குடுக்காம விட்டா அடுத்து எவனும் அவென்கூட ஒக்கார மாட்டான். நான் குடுக்காமப் பிளேன் ஏறி வந்துட்டேன், அது ஏந்தப்பு. திருவிழா வாரத்துல எங்க வீட்டுல சீட்டுப் போட்டு இருபத்தெட்டு ஆடுவோம். வந்து மறு ஆட்டத்த வாங்கிட்டுப் போங்க. நீங்க வராட்டி ஏன் மானம்தேன் போகும், சொல்லிட்டேன்."

போனை வைத்த பிறகு மது என்னிடம் கேட்டாள். "அப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே இருக்கிறதா?"

"மன்றத்துல உண்டு."

"எழுதி வைத்திருக்கிறார்களா?"

"எழுதல. ஆனா மீற மாட்டாக."

"யோசிக்கிறேன்" என்றாள். அன்று முழுவதும் யோசித்தாள். மாலையில் அறையிலிருந்து வெளியே வந்து, மேசையில் ஒரு சீட்டுக்கட்டை வைத்தாள்.

"இருபத்தெட்டு எப்படி ஆடுவது?"

அது கேரளத்திலிருந்து குமுளி மலையிறங்கி எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்த ஆட்டம். நான்கு பேர், இரண்டு அணி. அதில் ஜாக்கிக்குத்தான் மதிப்பு அதிகம், ராஜாவுக்கு ஒன்றுமில்லை. இதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. நாலு பேருக்கு நாங்கள் மூன்று பேர்தான். எதிரணியின் இரண்டு கையையும் தானே பார்த்துக்கொள்வதாக வசந்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மது என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அங்கன இல்ல மது. ஒரே அணின்னா எதிரும் புதிருமா ஒக்காரணும்."

எழுந்துபோய் எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்த ஆட்டத்தில் விட்டுக்கொடுக்கலாமா?"

"எதுக்க இருக்கவங்களுக்கு மட்டும்."

விமானக் கட்டணப் பக்கம் கணினியில் திறந்தே கிடந்தது. கலைத்து, சீட்டைப் போட்டேன். எனக்கு விழுந்தது நல்ல கை. எத்தனை புள்ளி எடுப்போம் என்று துள்ளலோடு ஏலம் கேட்க வாயெடுத்தேன்.

மேசைக்கு அடியில் ஒரு கால் என் முழங்காலை ஒரு தட்டுத் தட்டியது.

நிமிர்ந்து மதுவைப் பார்த்தேன். தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை.